விரல் நுழையாத விரிசலை நம்பும் முன்

டெல்டாவிலிருந்து பாறை ஏறக் கிளம்பியிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று பல ஊர்களிலிருந்து சனிக்கிழமை இரவு பஸ் பிடித்து, ஞாயிறு விடியும்போது ஏதாவதொரு பாறையடியில் போய் நிற்கிறீர்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். நானும் இந்த வண்டல் மண்ணில் பிறந்தவன். நம் வயலில் மண்வெட்டிக்கு ஒரு கல் தட்டுப்பட்டால் அது யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்து போட்ட கல்லாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட ஊர்ப் பிள்ளைகள் கருங்கல்லில் விரல் வைத்து ஏறுவதைப் பார்த்தால் யாருக்குத்தான் பெருமையாக இராது? ஆனால் சில மாதங்களாக நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு கேள்வி என் தூக்கத்தைக் கெடுக்கிறது. "அண்ணா, சின்ன கேம் எந்தக் கம்பெனி வாங்கலாம்?" விரிசலில் செருகி, விழும்போது கயிற்றைத் தாங்க வைக்கும் ஸ்பிரிங் கருவியைத்தான் கேட்கிறீர்கள். இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். அப்படிச் சொன்னால் உங்களை ஆபத்தில் தள்ளிவிட்டவனாவேன். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்; கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கம்பெனி பெயரைக் கேட்கும் உங்களில் எத்தனை பேர் கேமின் தண்டில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்திருக்கிறீர்கள்? உங்கள் காரபைனரில் 20 கிலோநியூட்டனுக்கு மேல் எழுதியிருக்கும். ஏறக்குறைய இரண்டு டன் எடை. விரல்நுனி மட்டும் நுழையும் விரிசலுக்கான மிகச் சிறிய கேம்களில் 5 என்றோ 6 என்றோ இருக்கும். ஐந்நூறு, அறுநூறு கிலோ. கேம்களுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 12276 கேட்கும் குறைந்தபட்ச வலிமையே 5 கிலோநியூட்டன்தான். அதாவது தரத்தின் வாசற்படியில் நிற்கும் கருவியைத்தான் நீங்கள் முதலில் வாங்கத் துடிக்கிறீர்கள். கயிறு அதிகம் வெளியே போகாத நிலையில், கயிற்றைப் பிடித்து பிலே செய்பவருக்குச் சற்று மேலே ஒருவர் விழுந்தால், மேலிருக்கும் கருவியில் விழும் இழுப்பு இந்த எண்ணைத் தொட்டுவிடும், தாண்டியும் விடும். காரணம் எளிது. விழுபவரின் இழுப்பும் அவரைத் தாங்கும் பிலேயரின் இழுப்பும் சேர்ந்து அந்த ஒரே இடத்தில்தான் விழுகின்றன. சிறு கேம் கெட்ட கருவி என்று நான் சொல்லவில்லை. அதைத் தனியாக நம்பக் கூடாது என்கிறேன். ஒன்றுக்கு அருகில் இன்னொன்று, அதற்குக் கீழே, விரிசலில் ஆப்புபோல் உட்காரும் கைவிடாத பெரியதொரு நட், அப்புறம்தான் அடுத்த அடி.

இன்னொரு கணக்கும் உண்டு. அதை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். கேமின் பல்போன்ற அந்த வளைந்த தகடுகளின் விளிம்பு ஒரு குறிப்பிட்ட சுருளில் வெட்டப்பட்டிருக்கிறது. எவ்வளவு விரிந்தாலும் சுருங்கினாலும் அது பாறையைத் தொடும் கோணம் மாறாது. ரே ஜார்டின் வடிவமைத்த முதல் 'ஃப்ரெண்ட்' கேம்களில் அந்தக் கோணம் 13.75 பாகை. அதன் டேஞ்சன்ட் ஏறக்குறைய கால். இழுப்பின் பாதி ஒவ்வொரு சுவருக்கும் போகிறது. அதைக் காலால் வகுத்தால், நீங்கள் கீழே இழுக்கும் விசையைப்போல் இரண்டு மடங்கு விசையில் கேம் ஒவ்வொரு சுவரையும் வெளியே தள்ளுகிறது. 60 கிலோ ஆள் சும்மா தொங்கினாலே ஒரு பக்கச் சுவருக்கு 120 கிலோ. 5 கிலோநியூட்டன் இழுப்பென்றால் ஒரு டன்.

அந்த ஒரு டன்னை எந்தச் சுவர் வாங்குகிறது என்பதுதான் என் பயம். நம் பக்கத்துக் கருங்கல் குன்றுகளைக் கவனித்திருப்பீர்கள். மொட்டைக் குன்றுகள். வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு மேற்பரப்பு தகடு தகடாகக் கழன்று நிற்கும். அந்தத் தகட்டுக்கும் தாய்ப்பாறைக்கும் நடுவே ஓடுகிற மெல்லிய இடைவெளி, கண்ணுக்கு அழகான, நேரான, கேம் வைக்கத் தோதான விரிசலாகத் தெரியும். அங்கே கேமைச் செருகும் முன் கையை மடக்கி முட்டியால் தட்டுங்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டு, மேலிருந்து கீழ்வரை. உறுதியான பாறை சத்தமே தராது, முட்டிதான் வலிக்கும். கழன்ற தகடு 'டொம்' என்று காலிப் பானைபோல் பேசும். இன்னொரு கையை அருகில் வைத்திருந்தால் தகடு அதிர்வதே தெரியும். அப்படிப் பேசுகிற இடத்தில் கேம் வைத்தால், விழும்போது அது பாறையைப் பிடிக்காது, பெயர்த்துவிடும். தகடு கீழே நிற்கும் உங்கள் நண்பர் தலையில் விழும். இதைத் தட்டிப் பார்க்கத் தெரியாதவருக்கு எந்தக் கம்பெனிக் கேமும் ஒன்றுதான்.

விரிசலுக்குள்ளும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு போகிறீர்கள். அப்போது விரிசலில் மண் இருக்கும், பாசி இருக்கும், எறும்புப் புற்று இருக்கும். கேம் நிற்பது உராய்வை நம்பி. ஈர மண்ணில் உராய்வு ஏது? பழைய பல்தேய்ப்பு பிரஷ் ஒன்றைப் பையில் போடுங்கள். சுத்தம் செய்தும் காயாத விரிசலை விட்டுவிடுங்கள், வேறு நாள் வரலாம். பாறை மடிப்புகளில் மலைத்தேனீ அடை தொங்கினால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இனி வாங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். நிறத்தை வைத்து அளவு சொல்லும் பழக்கம் உங்களிடம் வேகமாகப் பரவியிருக்கிறது. "நீலம் குடு, மஞ்சள் குடு" என்று மேலிருந்து கத்துகிறீர்கள். ஒரே கம்பெனிச் சாமான் மட்டும் இருக்கும்வரை அது சரிப்பட்டு வரும். மெட்டோலியஸில் நீலம் என்றால் ஒன்றாம் எண். பிளாக் டைமண்டில் நீலம் என்றால் 0.3; அதே கம்பெனியில் மூன்றாம் எண்ணும் நீலம்தான், அது கை முழுக்க நுழையும் விரிசலுக்கானது. ஒரு கயிற்றில் மூன்று பேருடைய கேம்களைக் கலந்து மாட்டிக்கொண்டு நிறத்தைச் சொல்லிக் கேட்டால் என்ன வந்து சேரும்? மில்லிமீட்டரில் பேசப் பழகுங்கள். பிளாக் டைமண்டின் சி4 வரிசையில் 0.3 ஏறக்குறைய 14 முதல் 23 மி.மீ. வரை விரியும், 8 கிலோநியூட்டன் தாங்கும். அதற்குக் கீழே போகப் போக வலிமை மட்டும் குறைவதில்லை, விரியும் தூரமும் சுருங்கிவிடுகிறது. மிகச் சிறியவற்றில் மொத்த விளையாட்டே நான்கைந்து மில்லிமீட்டருக்குள். பெரிய கேம் விரிசலுக்குள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒன்றும் ஆகாது. சிறியது நகர்ந்தால் பிடியே போய்விடலாம். நீங்கள் ஏற ஏறக் கயிறு ஆடும், ஆட்டத்தில் கேம் உள்ளே நடந்து போகும். ஆகவே சிறு கேம் ஒவ்வொன்றுக்கும் 60 செ.மீ. நாடா வளையமான ஸ்லிங் ஒன்றைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள். ஸ்லிங்குக்குப் பணம் இல்லையென்றால் கேமுக்கும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தலையின் அகலத்தைப் பாருங்கள். இதைத்தான் கடையிலும் யாரும் சொல்வதில்லை, காணொளிகளிலும் அடக்கி வாசிக்கிறார்கள். மெல்லிய விரிசல் பெரும்பாலும் ஆழமற்றது, நடுநடுவே மூடிக்கொள்வது. நான்கு தகடுள்ள அகலத் தலை அங்கே இரண்டு தகட்டை மட்டும் பாறையில் வைத்து மீதியை வெளியே தொங்கவிடும். மெட்டோலியஸ் டிசியு போன்ற மூன்று தகட்டுக் கேம் குறுகலானது, அந்த இடத்தில் முழுமையாக உட்காரும். ஆனால் பக்கவாட்டில் அசைத்தால் நான்கு தகட்டளவு நிலைத்து நிற்காது. தண்டு வளைகிறதா என்பதும் முக்கியம். படுக்கை விரிசலில் வைத்த கேமின் தண்டு விளிம்பில் படிந்து வளைய வேண்டும். விறைப்பாக இருந்தால் நெம்புகோலாகி எல்லாவற்றையும் பெயர்த்துவிடும். பாஸ்க் நாட்டுக்காரர்களின் டோட்டெம் கேமில் ஒவ்வொரு தகட்டுக்கும் சுமை தனித்தனியே போகிறது; வாய் விரிந்த விரிசலில் அது மற்றவற்றைவிட நன்றாக நிற்கும், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். ஏலியன் கேமின் தகடுகள் மென்மையான அலுமினியம்; பாறையை நன்றாகக் கடிக்கும், சீக்கிரம் தேயும். எது சிறந்தது என்று கேட்காதீர்கள். நீங்கள் ஏறப்போகும் பாறையில் விரிசல் நேராக இருக்கிறதா, வாய் விரிந்திருக்கிறதா, நின்றதா, படுத்ததா? அதைப் பார்த்துவிட்டு வாருங்கள், பதில் உங்களுக்கே தெரியும்.

என் கருத்தைக் கேட்டால், 0.3 அளவில் ஒன்று வாங்குங்கள். அதைப் பல மாதம் வைத்துப் பழகியபின் அடுத்த சிறியது. அதற்கும் சிறியதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அந்தப் பணத்தில் நட் வாங்குங்கள். ஒரு சிறு கேமின் விலைக்கு ஒரு தொகுதி நட் ஏறக்குறைய வந்துவிடும். நட்டில் ஸ்பிரிங் இல்லை, அச்சு இல்லை, நடந்து போகும் கால் இல்லை. மேலே அகன்று கீழே ஒடுங்கும் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் கீழ்நோக்கிய இழுப்பில் இன்னும் இறுகும். நடுத்தர அளவு நட்டுகள் உங்கள் மிகச் சிறிய கேமைவிட அதிகம் தாங்கும். ஆனால் நட் வைக்க விரிசலைப் படிக்கத் தெரிய வேண்டும். கேம் என்றால் விசைப்பிடியை இழுத்துச் செருகிவிடலாம். அந்தச் சுலபம்தான் உங்களை இழுக்கிறது என்று எனக்குத் தெரியும். படிக்கத் தெரியாமல் செருகுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பழைய சாமான் வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. பெங்களூரில் யாரோ விற்கிறார்கள், பாதி விலை என்று ஓடுகிறீர்கள். 2006இல் ஏலியன் கேம்களில் ஒரு பகுதியை உற்பத்திக் குறைக்காகத் திரும்பப் பெற்றார்கள். அந்தக் காலத்துக் கேம்கள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கலாம். தயாரித்த ஆண்டைக் கேளுங்கள். ஸ்லிங் நைலானோ டைனீமாவோ, உபயோகிக்காமல் பெட்டியில் கிடந்தாலும் பத்து ஆண்டுக்கு மேல் அதற்கு ஆயுள் இல்லை. விசைப்பிடிக் கம்பியில் இழை பிரிந்திருந்தால், தகட்டின் விளிம்பு தட்டையாகியிருந்தால், விட்டுவிடுங்கள். சிஇ முத்திரையும் வலிமை எண்ணும் இல்லாத கேமை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நம் வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. கயிற்றையும் ஹார்னஸையும் கேமையும் எங்கே வைக்கிறீர்கள்? பல வீடுகளில் யூரியா மூட்டையும் பூச்சிமருந்து டின்னும் பழைய டிராக்டர் பேட்டரியும் இருக்கிற அதே கொட்டகையில், ஆணியில் மாட்டித் தொங்குகின்றன. பேட்டரி அமிலத்தின் ஆவிபட்டாலே நைலான் கெடும். வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லை, உப்புக்காற்று. அலுமினியத் தகடும் அச்சும் பூத்துப் போய் விசைப்பிடி இறுகிவிடும். ஏறிவிட்டு வந்ததும் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, மெழுகு கலந்த உலர் மசகை அச்சில் மட்டும் விடுங்கள். சைக்கிள் எண்ணெய் விட்டால் மண் ஒட்டும். நம் தென்னந்தோப்பில் ஏறுகிறவர் காலில் மாட்டும் தளையை ஒவ்வொரு நாளும் மரத்தடியில் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். அந்த அக்கறை உங்கள் கருவிக்கும் வேண்டும்.

அடுத்தது, இந்த மடலை எழுத வைத்த இன்னொரு காரணம்: என் கோபம். சிலர் விரிசல் கிடைக்காத இடத்தில் டிரில் போட்டு போல்ட் அடிப்பதாக எனக்குச் சொன்னார்கள். தஞ்சையிலிருந்து பக்கம் என்று நார்த்தாமலைக்கும் சித்தன்னவாசலுக்கும் கயிற்றோடு போகவும் திட்டம் இருக்கிறதாம். போகலாம், பார்க்கலாம், உட்காரலாம். ஏறாதீர்கள். நார்த்தாமலையின் மேலமலையில் விஜயாலய சோழீச்சுரம் நிற்கிறது. பக்கத்திலேயே குடைவரைகள். சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்தில் சமணர் படுக்கையும் தமிழி எழுத்தும் இருக்கின்றன. இவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் நம் பெரிய கோயிலுக்குக் கல் வந்தது இந்தப் பக்கத்துக் குன்றுகளிலிருந்துதான் என்று வழிவழியாகச் சொல்லிவருகிறோம். பழைய கல்லுடைப்பு முகங்களில் ஆப்பு அடித்த குழிகள் வரிசையாக இருப்பதை நாமே பார்க்கலாம். அந்தக் குழி வரிசைக்கு நடுவே 10 மி.மீ. டிரில் துளை ஒன்று போட உங்களில் யாருக்கு மனம் வரும்?

நட்டும் கேமும் பாறையைக் காயப்படுத்தாமல் ஏற வழி செய்தவை என்பதை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் யோசெமிட்டியில் ஒரு தலைமுறை எஃகு ஆணிகளை அடித்தும் பிடுங்கியும் விரிசல்களைக் குழிகுழியாக்கியது. அந்த ஆணிகளைச் செய்து விற்றவர்களில் முக்கியமானவர் இவான் ஷுனார்ட். 1972இல் அவருடைய நிறுவனத்தின் விலைப்பட்டியல், ஆணியை விட்டு நட்டுக்கு வாருங்கள் என்று ஏறுபவர்களை வெளிப்படையாகக் கேட்டது. தன் சொந்த வியாபாரத்தின் பெரும்பகுதியை எதிர்த்து அவர் எழுதிய பட்டியல் அது. ஆறு ஆண்டு கழித்து, 1978இல், ஜார்டினின் ஃப்ரெண்டை இங்கிலாந்தில் வைல்ட் கன்ட்ரி விற்பனைக்குக் கொண்டுவந்தது. வைத்தோம், ஏறினோம், எடுத்தோம், பாறையில் தடயம் இல்லை. அந்த வரலாற்றின் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையில் டிரில் பிடிப்பது நியாயமா?

ஏற இடமில்லையே என்பீர்கள். உண்மைதான், டெல்டாவில் இல்லை. பெங்களூர்ப் பக்கத்து ராமநகரமும் சாவன்துர்காவும் ஒரு இரவுப் பயணம். அங்கே பல ஆண்டாக ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த முகம் உறுதி, எது கழன்றது என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். ராமநகரத்திலும் எல்லா இடமும் திறந்ததில்லை. ராமதேவர பெட்டா 2012 முதல் பிணந்தின்னிக் கழுகுகளின் சரணாலயம், அங்கே கட்டுப்பாடு உண்டு. கேட்டுக்கொண்டு போங்கள். முறையான பயிற்சி வேண்டுமென்றால் உத்தரகாசியில் 1965 முதல் நேரு மலையேற்ற நிறுவனம் இருக்கிறது, டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கிய நிறுவனம் இருக்கிறது. ஒரு விடுமுறையை அதற்குக் கொடுங்கள்.

இன்னொன்றையும் நீங்கள் யோசிக்க வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலை நடைக்குப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காட்டுத்தீயில் உயிரிழந்தார்கள். அதன்பிறகு தமிழகத்தில் மலை நடைக்கு அனுமதியும் கட்டுப்பாடும் எவ்வளவு இறுகின என்பது உங்களுக்கே தெரியும். பாறையேற்றத்துக்கு நம் மாவட்டங்களில் இன்னும் ஒரு பெயரே உருவாகவில்லை. உங்களில் ஒருவர் 5 கிலோநியூட்டன் கேமை நம்பி விழுந்தால், அந்த வீட்டுத் துக்கத்தோடு நிற்காது. மன்னார்குடியில் ஒரு அப்பா தன் மகளின் ஹார்னஸைப் பரண் மேல் தூக்கி வைப்பார். கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஒரு தடை வரும். அதற்குப் பிறகு பத்து வருடம் யாரும் ஏற முடியாது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். தனித்தனியாக ஆளுக்கொரு கேம் வாங்காதீர்கள். சம்பா அறுப்பு முடிந்து தை மாதத்தில் கையில் காசு வரும்போது, ஊருக்கு ஒரு குழுவாகப் பணம் போட்டு ஒரு நல்ல நட் தொகுதி, 0.3 அளவில் ஒரு கேம், அதற்கு மேல் விரலும் கையும் நுழையும் அளவுகளில் சில, போதிய ஸ்லிங், ஹெல்மெட் எல்லோருக்கும், இவ்வளவும் பொதுவில் வாங்குங்கள். யாரிடம் இருக்கிறது, அதன்மேல் எத்தனை முறை விழுந்தார்கள், எந்த ஆண்டு ஸ்லிங் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு பருவம் முழுக்கத் தரையில் நின்றபடியே விரிசலில் வைத்துப் பழகுங்கள். வைத்ததில் ஸ்லிங் போட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முழு எடையோடு ஏறி நில்லுங்கள். பிடுங்கிக்கொண்டு வரட்டும், ஏன் வந்தது என்று குனிந்து பாருங்கள். முகத்துக்கு நேரே இருக்கும் கேமில் ஆடாதீர்கள், பாய்ந்து வந்து பல்லை உடைக்கும். அனுபவமுள்ள ஒருவர் உங்கள் ஒவ்வொரு வைப்பையும் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை, மேலே கட்டிய கயிற்றில் மட்டும் ஏறுங்கள். கயிற்றைக் கீழிருந்து இழுத்துக்கொண்டு முதல் ஆளாக ஏறும் லீட் அதற்குப் பிறகு. சோழர் குன்றுகளில் டிரில் வேண்டவே வேண்டாம். யாரிடமாவது இருந்தால் அதை விற்று ஸ்லிங் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்குச் சம்மதிக்கும் குழு எந்த ஊரில் இருந்தாலும் சொல்லுங்கள். நான் வருகிறேன், என்னிடமுள்ள நட்டுகளையும் கேம்களையும் கொண்டுவருகிறேன். முதல் நாள் பாறை வேண்டாம். உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த எண்களை ஒவ்வொன்றாகப் படிப்போம்.

உங்கள் அண்ணன்